சுருதி சேர்த்ததற்கே கைதட்டிய சனம்

நேரில போய்ப் பார்த்த இசைநிகழ்ச்சிகளில மறக்கவே ஏலாதது எது என்று எங்களுக்குள்ள ஒருநாள் கதை வந்தது. ஒருத்தர் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கேட்ட தவில் சமாவைச் சொன்னார். இன்னொருத்தர், சனத்துக்குள் நெரிபட்டு மேடையைக் காணாமலே பாட்டை மட்டும் கேட்டுவிட்டு ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்த கதையைச் சொன்னார். ஆளாளுக்கு ஒன்று. கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக வந்து நின்றது நாங்கள் ஒருத்தருமே போகாத ஒரு கச்சேரி. போயிருக்கவும் ஏலாது. அது நடந்தபோது எங்களில் ஒருத்தரும் பிறக்கவில்லை. இசைத்தட்டாகவும் படமாகவும்தான் அது எங்களிடம் வந்து சேர்ந்தது. ஆனால் எத்தனை தரம் பார்த்தோம் என்று கணக்கில்லை.

1971 ஓகஸ்ட் 1, ஞாயிற்றுக்கிழமை. நியூயோர்க்கின் மடிசன் ஸ்குவெயார் கார்டன். பிற்பகலில் ஒன்று, இரவு ஒன்று என்று இரண்டு காட்சிகள். இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 40,000 பேர். நிகழ்ச்சியின் பெயர் 'பங்களாதேஷுக்கான இசைநிகழ்ச்சி'. இந்தப் பெயரிலேயே ஒரு விசயம் இருக்கு. அன்றைக்கு உலகத்தில எந்த அரசும் பங்களாதேஷ் என்ற நாட்டை ஏற்றுக்கொண்டிருக்கவில்லை. இந்தியாகூட அதை அங்கீகரித்தது டிசெம்பர் 6ஆம் திகதிதான். அரசாங்கங்கள் எல்லாம் 'கிழக்குப் பாகிஸ்தான்' என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பெயரைச் சொல்லிக் கச்சேரி வைத்தவர்கள் பாட்டுக்காரர்கள்.

முன்கதையைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். 1970 நவம்பரில் வங்காள விரிகுடாவிலிருந்து எழும்பிய போலா சூறாவளி கிழக்குப் பாகிஸ்தானின் கரையோரத்தை அள்ளிக்கொண்டு போனது. குறைந்த மதிப்பீடே மூன்று இலட்சம் உயிர்கள். மேற்கிலிருந்த ஆட்சியாளர்கள் நிவாரணத்தில் காட்டிய அசட்டை வங்காளிகளின் நெஞ்சில் ஆறாமல் இருந்தது. அடுத்த மாதமே பொதுத்தேர்தல். கிழக்கின் 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் வென்றது. முழுப் பாகிஸ்தானுக்கும் அதுதான் பெரும்பான்மை. ஆனால் ஆட்சியைக் கொடுக்க மனமில்லை. 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் இராணுவம் இறங்கியது. பல்கலைக்கழக விடுதிகளில் மாணவர்கள் சுடப்பட்டார்கள். சனம் எல்லையைக் கடக்கத் தொடங்கியது. வருட முடிவுக்குள் இந்தியாவுக்குள் வந்தவர்களின் தொகை ஏறத்தாழ ஒரு கோடி. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சோல்ட் லேக்கில் கழிவுநீர்த் திட்டத்துக்கென்று போட்டிருந்த பெரிய சீமெந்துக் குழாய்களுக்குள்ளேயே குடும்பங்கள் குடியிருந்தன. பிறகு மழை. பிறகு வாந்திபேதி.

தேர்தல் முடிவை ஏற்காமல் விடுவது, மொழிக்காகத் தொடங்கிய முரண்பாடு, பல்கலைக்கழகம், எல்லை கடக்கிற சனம். இதை வாசிக்கிற எங்களுக்கு இதில எந்தச் சொல்லுக்கும் விளக்கம் தேவைப்படாது.

ரவி சங்கர் அப்போது லொஸ் ஏஞ்சல்ஸில் இருந்தார். அவர் பிறந்தது காசியில் என்றாலும் குடும்பத்தின் வேர் கிழக்கு வங்காளத்தில். அவரது குரு அலாவுதீன் கானின் ஊரும் அந்தப் பக்கம்தான், பிராமண்பாரியாவுக்கு அருகிலுள்ள சிப்பூர். தூரத்து உறவுகளும் குருவின் குடும்பத்தாரும் அகதிகளில் இருந்தார்கள். ஒரு கச்சேரி வைத்து 25,000 டொலர் சேர்க்கலாமா என்பதுதான் அவரது முதல் எண்ணம். அதை நண்பரும் மாணவருமான ஜோர்ஜ் ஹரிசனிடம் சொன்னார். பீட்டில்ஸ் உடைந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நான்கு பேரில் ஆகக் குறைவாகக் கதைக்கிற ஆள் என்று பெயரெடுத்திருந்தவர் ஹரிசன். அந்த மனிசன் அடுத்த ஐந்தாறு கிழமையும் தொலைபேசியோடேயே இருந்தார். ரிங்கோ ஸ்ரார், எரிக் கிளப்டன், பொப் டிலன், பில்லி பிரெஸ்ரன், லியோன் ரசல் என்று ஒவ்வொருத்தராகப் பிடித்தார். போல் மக்கார்ட்னி மறுத்துவிட்டார். ஜோன் லெனனும் வரவில்லை.

இப்ப நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிற இடத்துக்கு வருவோம். அது டிலனும் இல்லை, ஹரிசனும் இல்லை.

நிகழ்ச்சியின் முதற்பகுதி இந்திய இசை. சித்தாரில் ரவி சங்கர், சரோட்டில் அலி அக்பர் கான், தபேலாவில் அல்லா ரக்கா, தம்பூராவில் கமலா சக்கரவர்த்தி. அலி அக்பர் கான் அலாவுதீன் கானின் மகன், கிழக்கு வங்காளத்திலேயே பிறந்தவர். ரவி சங்கரும் அவரும் ஒரே குருவிடம் பயின்றவர்கள், ஒருகாலத்தில் மைத்துனர்களும்கூட. எதிரில் இருந்த சனமோ பீட்டில்ஸ்காரர்களையும் கிளப்டனையும் பார்க்க வந்த சனம். ரவி சங்கர் மைக்கில் பேசினார். கொஞ்சம் பொறுமையாக இருங்கோ, நாங்கள் வாசிக்கிற நேரம் புகைக்காதேயுங்கோ, நாங்கள் அரசியல் செய்ய வரவில்லை, நாங்கள் கலைஞர்கள் என்ற மாதிரியான பேச்சு. பிறகு எல்லாரும் கருவிகளைச் சுருதி சேர்க்கத் தொடங்கினார்கள். முறுக்காணியைத் திருகி, தந்தியைத் தட்டிப் பார்த்து, தபேலாவின் ஓரத்தைச் சுத்தியலால் தட்டி, ஒன்றரை நிமிசமளவுக்கு அது நடந்தது. முடிந்ததும் அரங்கம் முழுக்கக் கைதட்டல்!

சனம் அதையே ஒரு உருப்படி என்று நினைத்துவிட்டது. ரவி சங்கர் சிரித்துக்கொண்டு நன்றி சொன்னார். சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்ற கருத்தில் ஒரு பதில். மூன்று தட்டுகளாக வந்த அல்பத்தின் முதற்பக்கத்தில் இதுவும் பதிவாகி இருக்கு.

இந்த இடத்தில எங்களுக்குள்ள எப்பவும் சண்டை. ஒரு பகுதியினர், வெள்ளைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று சொல்லிச் சிரிப்பார்கள். அரை நூற்றாண்டாக இந்தக் கதையைச் சொல்பவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். எங்கட பெரும்பான்மை அப்படி நினைக்கவில்லை. மிருதங்கக்காரர் கல்லை வைத்துத் தட்டிச் சுருதி பார்க்கிற நேரம் எங்கட மண்டபங்களில் என்ன நடக்கும்? பக்கத்துக் கதிரைக்காரரோடு கதை, பிள்ளைக்கு மிக்சர், கைபேசி. அந்தச் சனம் ஒன்றரை நிமிசம் வாய் திறக்காமல் இருந்து, விளங்காத ஒன்றை முழுதாகக் கேட்டு, மரியாதைக்குக் கையும் தட்டியது. பிழையான இடத்தில தட்டினது பெரிய குற்றமா?

பிறகு வாசித்தது 'பங்ளா துன்'. துன் என்பது நாட்டார் மெட்டுகளின் சாயலில் போகிற இலேசான உருப்படி. இராகத்தின் கடுமையான ஒழுங்கு அதற்கு இல்லை. ஆறு மாத்திரை தாதராவில் மெல்லத் தொடங்கிப் பதினாறு மாத்திரை தீன்தாளில் வேகமெடுக்கும். சித்தார் ஒன்றைச் சொல்ல சரோட் அதை வாங்கி வேறுமாதிரித் திருப்பிக் கொடுக்கும். கடைசியில் இரண்டுக்கும் நடுவில் தபேலா புகுந்து விளையாடும். எங்கட காதுக்கு நாதஸ்வரமும் தவிலும் கேள்வி பதில் சொல்லிக்கொள்கிற அதே சங்கதிதான். ஊரே எரிகிற நேரத்தில அழுகை இராகம் எதையும் எடுக்காமல், ஆற்றங்கரை மெட்டு ஒன்றை எடுத்தது ஏன் என்று நாங்கள் நிறைய யோசித்திருக்கிறோம். இழந்தது என்னவென்று காட்டுகிறதுக்கு அதுதான் நேர்வழி என்று எங்களுக்குப் படுகுது. முடிவில் எழும்புகிற கைதட்டலைக் கேட்டுப் பாருங்கோ. முதல் கைதட்டலுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியும்.

இடைவேளையில் டச்சுத் தொலைக்காட்சி எடுத்த காட்சிகளைத் திரையில் போட்டார்கள். அகதிகள், பிணங்கள், பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் ஹரிசன் வெள்ளைக் கோட்டோடு வந்து பாடத் தொடங்கினார். பீட்டில்ஸ் காசுக்கு மேடையேறிய கடைசி நாள் 1966 ஓகஸ்ட் 29. அதற்குப் பிறகு அவர் ஒரு பெரிய மேடையில் முன்னுக்கு நின்று பாடியதில்லை. பயம் முகத்தில் தெரியும்.

இரண்டாம் பகுதியைப் பற்றி உலகம் போதியளவு எழுதிவிட்டது. எங்களுக்குப் பிடித்தது அதிலுள்ள பிசகுகள்தான். ரிங்கோ தன்ர சொந்தப் பாட்டின் வரியை மறந்துபோய் வாய்க்குள் முணுமுணுத்துச் சமாளிப்பார். கிளப்டன் அந்த நாட்களில் ஹெரோயினுக்கு அடிமை. ஒத்திகைக்கே ஒழுங்காக வரவில்லை. அவர் வராவிட்டால் வாசிக்கட்டும் என்று ஜெஸ்ஸி எட் டேவிஸை ஆயத்தமாக வைத்திருந்தார்கள். வந்தவர் அழுகிற பாட்டுக்குப் பொருந்தாத, உள்ளே வெற்றான உடல் கொண்ட கிற்றாரை எடுத்து வாசித்தார். பிழையான தெரிவு என்று பின்னாளில் அவரே ஒத்துக்கொண்டார். பில்லி பிரெஸ்ரன் ஓர்கனை வாசித்துக்கொண்டு பாடியவர், பாட்டின் உச்சத்தில் தாங்கமாட்டாமல் எழும்பி மேடையின் முன்பக்கம் ஆடிக்கொண்டு வருவார். ஒத்திகையில் இல்லாத ஆட்டம். பொப் டிலன் வருவாரா மாட்டாரா என்பது கடைசி நிமிசம் வரை ஹரிசனுக்கே தெரியாது. ஹரிசன் தன்ர கிற்றாரில் ஒட்டியிருந்த பாட்டு வரிசையில் டிலனின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். திரும்பிப் பார்த்தார், ஆள் நின்றது.

இனி எங்கட பக்கத்துக் கதை. இதைச் சொல்லாமல் அந்தக் கச்சேரியைப் பற்றி இலங்கையில் இருந்து எழுதுவது சரியில்லை.

1971 ஜனவரி கடைசியில் இந்தியன் எயார்லைன்ஸின் 'கங்கா' என்ற விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டு, பிறகு எரிக்கப்பட்டது. அதைக் காட்டி இந்தியா தன்ர வான்பரப்பைப் பாகிஸ்தான் விமானங்களுக்கு மூடியது. மேற்கிலிருந்து கிழக்குக்குப் போக இருந்த நேர்வழி அடைபட்டுப்போனது. தெற்கால் சுற்றிப் போகவேண்டும், நடுவில் எண்ணெய் நிரப்ப ஓர் இடம் வேண்டும். அந்த இடம் கட்டுநாயக்கா. சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் இடம் கொடுத்தது. அந்த விமானங்களில் போவது ஆர், எதற்காகப் போகிறார்கள் என்று இந்தியா ஆட்சேபித்தது. சாதாரண பயணிகள் விமானங்கள்தான் என்பது இலங்கையின் நிலைப்பாடு. ஆனாலும் டாக்காவில் படைபலம் கூடிக்கொண்டே போனது.

அதே ஏப்ரலில் எங்கட நாட்டுக்குள்ளேயே தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சி. ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். அதை அடக்க இந்தியாவும் ஹெலிகொப்ரர் அனுப்பியது, பாகிஸ்தானும் அனுப்பியது. வங்காளத்தை வைத்து ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்ற இரண்டு நாடுகள், கொழும்பு அரசாங்கத்துக்கு உதவுகிற விசயத்தில் மட்டும் ஒரே பக்கம். தமிழ் இளைஞர்கள் பல்கலைக்கழகத் தரப்படுத்தலால் கொதித்துக்கொண்டிருந்ததும் இதே காலம்தான். 1971 என்றால் எங்கட பாடப்புத்தகத்தில் ஒரு வரிதான். வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தால் டாக்கா, கல்கத்தா, கட்டுநாயக்கா, நியூயோர்க் எல்லாம் ஒரே கதைக்குள் வரும். கச்சேரி நடந்த நாட்டின் அரசாங்கமும் சுத்தமில்லை. டாக்காவில் இருந்த அமெரிக்கத் துணைத்தூதர் ஆர்ச்சர் பிளட்டும் அங்கிருந்த அதிகாரிகளும், எங்கட அரசு கொலையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்குது என்று ஏப்ரலிலேயே வோஷிங்டனுக்குத் தந்தி அடித்திருந்தார்கள். நிக்சனும் கிசிஞ்சரும் பாகிஸ்தான் பக்கமே நின்றார்கள். பிளட்டைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

அரசியல் செய்ய வரவில்லை என்று ரவி சங்கர் மைக்கில் சொன்னதை இந்தப் பின்னணியில் திரும்பக் கேட்டுப் பாருங்கோ. அந்தப் பேரைச் சொல்லுவதே அரசியலாக இருந்த நாளில் அப்படிச் சொல்லித்தான் அந்தப் பேரைச் சொல்ல முடிந்திருக்கும். இது எங்கட ஊகம்தான். ஆனால் மேடையில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லாமல் விளங்கப்படுத்தலாம் என்று எண்ணி எண்ணிப் பேசி வளர்ந்த ஊர்க்காரர் நாங்கள். அந்த வசனத்தின் வளைவு எங்களுக்குப் பழக்கம்.

காசு? நுழைவுச்சீட்டில் சேர்ந்தது 243,418 டொலர் 50 சதம். அதே மாதமே யுனிசெஃபுக்குக் கொடுக்கப்பட்டது. ரவி சங்கர் நினைத்ததைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு. சிக்கல் பிறகுதான் வந்தது. அல்பம் வெளியாக முதலே இசைத்தட்டு நிறுவனங்களுக்குள் யார் விற்பது, யாருக்கு எவ்வளவு என்று இழுபறி. ஹரிசன் தொலைக்காட்சியில் வந்திருந்தே அதைப் பற்றிக் கோபப்பட்டார். 1971 டிசெம்பரில் அமெரிக்காவில் அல்பம் வந்தபோது டாக்காவில் போரே முடிந்துவிட்டது. விற்பனை அமோகம். 1973இல் அந்த வருடத்தின் சிறந்த அல்பத்துக்கான கிராமியும் கிடைத்தது. ஆனால் நிகழ்ச்சிக்கு முதலே தொண்டு நிறுவனத்தோடு முறையாக ஒழுங்கு செய்து வரிவிலக்கு எடுத்திருக்கவில்லை. ஆகவே இலட்சக்கணக்கான டொலர் அமெரிக்க வரித் திணைக்களத்தின் பிடியில் வருடக்கணக்காகக் கிடந்தது. ஒரு பத்து வருடம் கழித்துக்கூட அந்தக் கணக்குத் தீரவில்லை. ஐந்தாறு கிழமைக்குள் உலகத்தின் பெரிய பாட்டுக்காரர்களைச் சேர்க்க முடிந்தது, ஒரு படிவத்தை நிரப்ப நேரம் கிடைக்கவில்லை. நிவாரணத்துக்குக் காசு சேர்க்கிற எங்கட பெடியள் பெட்டையள் மேடை, லைட், பாட்டுக்காரர் என்று ஓடித் திரிகிற நேரத்தில கணக்குப் புத்தகம் எழுதுகிற அந்த ஒரு ஆளையும் மதிக்கவேணும். 1985 ஜூலையில் லண்டனிலும் பிலடெல்பியாவிலும் ஒரே நாளில் நடந்த 'லைவ் எயிட்' உட்பட, பிறகு வந்த நிவாரணக் கச்சேரிகள் எல்லாம் இந்தப் பாதையால்தான் நடந்தன.

எங்களைக் கரைச்சல் படுத்துகிற இன்னொன்று அந்த அல்பத்தின் அட்டை. வெறும் மேனியோடு, ஒரு வெற்றுத் தட்டத்துக்குப் பின்னால் இருந்து எங்களைப் பார்க்கிற எலும்பும் தோலுமான பிள்ளை. பார்த்தவுடன் வாங்குகிறவரின் நெஞ்சைப் பிடிக்கும், அதற்காகத்தான் போட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு என்ன பெயர், பிறகு என்ன ஆனது, அட்டையில் இல்லை. 2005இல் மறுபதிப்பு வந்தபோது அந்தப் படத்தை எடுத்துவிட்டு ஹரிசன் பாடுகிற படத்தைப் போட்டார்கள். எது சரி? பிள்ளையின் பசியை விற்பதா, பிள்ளையையே அட்டையிலிருந்து அழித்துவிடுவதா? 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் வெளிக்கிட்ட சனத்தின்ர பிள்ளைகள் நாங்கள். எங்கட முகங்களும் எங்கேயோ பதாகைகளில் தொங்கியிருக்கும். எங்களிடமும் ஒருத்தரும் பெயர் கேட்டிருக்கமாட்டார்கள். இந்தக் கேள்விக்கு எங்களிடம் ஒரே பதில் இல்லை, இரவு பத்து மணி வரைக்கும் சண்டை பிடித்ததுதான் மிச்சம்.

அந்தச் சண்டைக்கு நடுவில்தான் ஒருத்தர் 'முக்திர் கான்' படத்தைப் பற்றிச் சொன்னார். விடுதலையின் பாட்டு என்று பொருள். மடிசன் ஸ்குவெயார் கார்டனில் விளக்கு எரிந்த அதே 1971இல், வங்காளத்துப் பாட்டுக்காரர்களே ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒரு லொறியில் ஏறி, அகதி முகாம்களுக்கும் போராளிகளின் முகாம்களுக்கும் போய்ப் பாடித் திரிந்தார்கள். லியர் லெவின் என்ற அமெரிக்கர் அவர்களோடு கூடத் திரிந்து மணிக்கணக்காகப் படம் எடுத்தார். முடிக்கக் காசில்லை. சுருள்கள் நியூயோர்க்கில் அவரது வீட்டின் நிலவறையில் இருபது வருடம் கிடந்தன. பங்களாதேஷின் தாரேக் மசூதும் அவரது மனைவி கத்ரின் மசூதும் தேடிப்போய் அவற்றைக் கண்டெடுத்து, 1995இல் படமாக்கினார்கள். வலிகாமத்துச் சனம் நடந்துகொண்டிருந்த அதே வருடம்.

அந்தப் படத்தில் இருக்கிற கச்சேரிக்கு நுழைவுச்சீட்டு இல்லை. ஆர்மோனியம், தபேலா, சேறு. கேட்கிற சனத்துக்குப் பாட்டில் வருகிற ஆறும் தெரியும், ஊரும் தெரியும். பிழையான இடத்தில கைதட்ட அங்கே ஆளில்லை. நியூயோர்க் கச்சேரி எங்களுக்குப் பிடிக்கும், மறைக்கவில்லை. 'பங்ளா துன்' ஓடுகிற பதினைந்து சொச்சம் நிமிசமும் இப்பவும் எங்களில் ஒருத்தரும் கதைக்கிறதில்லை. ஆனால் காலத்தைத் திருப்பி ஒரு கச்சேரிக்குத்தான் போகலாம் என்றால் எங்களில் அரைவாசிப் பேர் அந்த லொறிக்குப் பின்னாலதான் போவினம். எங்களில் ஒருத்தரின் அப்பா இதைக் கேட்டுவிட்டுச் சொன்னது இன்னொரு கதை: தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருத்தர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ஓடிய ரேடியோவைச் சுற்றி இருந்து பாட்டுக் கேட்டார்களாம். சுற்றுகிறவர் களைத்தால் பாட்டும் இழுபடும். அதுவும் ஒரு நேரடி நிகழ்ச்சிதான் என்கிறார்.

தாரேக் மசூத் 2011 ஓகஸ்டில் வீதி விபத்தில் இறந்துபோனார். அதற்கு முதல் அவரும் கத்ரினும் 'முக்திர் கான்' படத்தைத் திரையும் புரொஜெக்டருமாகத் தூக்கிக்கொண்டு பங்களாதேஷின் ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். பார்த்த சனம் தங்கட 1971ஐச் சொல்லத் தொடங்கியது. ஆரை இழந்தோம், எந்த வழியால் ஓடினோம், ஆர் காட்டிக் கொடுத்தது என்று. அந்தக் கதைகளையும் அவர்கள் படமெடுத்தார்கள். 'முக்திர் கொத்தா' என்ற பெயரில் 1999இல் அது வந்தது.

அடுத்த சந்திப்பில் முதலில் நியூயோர்க் கச்சேரி, பிறகு 'முக்திர் கான்' என்று இரண்டையும் போடுகிறோம். கதிரை காணாது, பாய் கொண்டு வாங்கோ. சுருதி சேர்க்கிற நேரம் ஒருத்தரும் கதைக்கக்கூடாது.